வாயில்லாப் பிரயாணி

கோடை விடுமுறை வந்ததும் நம் வீடுகளில் ஒரு மந்திராலோசனை நடக்கிறது. கொடைக்கானலா, ஊட்டியா என்று தீர்மானித்து, அறைக்கு முன்பணம் கட்டி, ஸ்வெட்டர்களை வெயிலில் உலர்த்திய பிறகுதான், "நாயை என்ன செய்வது?" என்ற கேள்வி பிறக்கிறது. கடைசியில் பிறக்கும் இந்தக் கேள்விதான் எல்லா அக்கிரமத்துக்கும் வித்து என்பது என் கட்சி.

"அதுவும் நம் வீட்டுக் குழந்தைதானே, கூட வரட்டும்" என்பார் குடும்பத் தலைவர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. வழியில் சிற்றுண்டிச்சாலை வருகிறது. உள்ளே நாய்க்கு அனுமதி இல்லை. காரை மரத்தடியில் நிறுத்தி, கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டு, "ஐந்தே நிமிஷம்" என்று சொல்லிப் போகிறார்கள். நம் ஊரில் ஐந்து நிமிஷம் என்பது மசால் தோசை, காப்பி, வெற்றிலை பாக்கு எல்லாம் அடங்கிய கால அளவு. அதற்குள் மர நிழல் நகர்ந்துவிடுகிறது.

2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி, வெயிலில் மூடி நிறுத்திய காரினுள் ஒரு மணி நேரத்தில் சராசரி 22 டிகிரி சென்டிகிரேட் வெப்பம் கூடுவதாகச் சொல்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணியிலேயே ஏறிவிடுகிறதாம். கண்ணாடியைச் சிறிது இறக்கிவைப்பதால் பெரிய பலன் இல்லை. நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி மூச்சு இரைத்துத்தான் அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளவேண்டும். இழுக்கும் காற்றே கொதித்தால் அது என்ன செய்யும்?

ரயிலிலும் வழி இருக்கிறது. முதல் வகுப்பு ஏ.ஸி.யில் இரண்டு அல்லது நான்கு படுக்கை கொண்ட அறை முழுவதையும் தமக்கே எடுத்துக்கொள்பவர் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு வண்டியிலுள்ள நாய்ப்பெட்டிதான். தண்ணீரும் தீனியும் உடையவர் பொறுப்பு. "இவ்வளவு செலவா, இவ்வளவு சிரமமா?" என்று முணுமுணுக்கிறார்கள். ஊட்டி ரோஜாத் தோட்டத்தைப் பார்க்கவேண்டும் என்று எந்த நாய் கேட்டது, ஐயா?

"விட்டுப் போனால் ஏங்கிவிடுமே!" என்று வாதிப்போர் உண்டு. ஏங்கும், உண்மைதான். தெரிந்த மனிதரிடம், பழகிய திண்ணையில் ஒரு வாரம் ஏங்கட்டும். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு வருவதைவிட அது மேல்.

இன்னொரு ரகத்தினர் இருக்கிறார்கள். போகும்போது நாயோடு போய், வரும்போது நாயில்லாமல் வருகிறவர்கள். "எங்கேயோ ஓடிவிட்டது" என்பார்கள். பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ராஜ்யசபையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த மசோதாதான் அந்தச் சட்டத்துக்கு விதை. அவருடைய நாட்டியத்தைக் கொண்டாடுகிற நாம் இந்தத் தொண்டை மறந்துவிட்டோம். முதல் தடவைக் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அன்றைக்கு அது பணம். இன்றைக்கு அந்தத் தொகைக்குப் பயந்து யாரும் திருந்தப்போவதில்லை. அண்டை அயலார்தாம் கேட்கவேண்டும்: "உங்கள் நாய் எங்கே, சார்?" என்று, ஒரு முறைக்கு நாலு முறை கேட்கவேண்டும்.

தர்மபுத்திரன் தன்னைத் தொடர்ந்து வந்த நாய்க்காகச் சுவர்க்கத்தையே வேண்டாமென்றான். கதாகாலட்சேபத்தில் அந்தக் கட்டம் வரும்போது கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். நம்மிடம் யாரும் சுவர்க்கத்தைக் கேட்கவில்லை. கூட்டிப்போனால், குடும்பத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் முறைபோட்டு, ஒரு கிண்ணம் தண்ணீரோடு வெளியே நிழலில் அதன் பக்கத்தில் நிற்கவேண்டும், அவ்வளவுதான். தோசை ஆறிப்போகும் என்று அஞ்சுகிறவர்கள் நாயை வீட்டில் விட்டுப் போகட்டும். வீட்டில் விட ஏற்பாடு செய்யவும் முடியாதவர்கள், நாய் வளர்க்கும் யோசனையையே விட்டுவிடட்டும்.