அளவறிந்து திருத்துதல்

கட்டடத்தின் வெப்பத்தை ஒரு நிலையில் நிறுத்தும் எண்முறைக் கருவி பிழையை மூவகையாக நோக்குகின்றது: இப்போதுள்ள பிழை, இதுவரை திரண்ட பிழை, பிழை மாறும் வேகம். கப்பலின் சுக்கானைக் குறித்து 1922-ஆம் ஆண்டில் மினோர்ஸ்கி ஆராய்ந்து கூறியனவும் இம்மூன்றே. இவற்றிற்கு எவ்வளவு வலிமை தருவதென 1942-இல் சீக்லரும் நிக்கல்ஸும் விதி வகுத்தனர். முதலாவதன் வலிமையை மட்டும் படிப்படியாகக் கூட்டி, வெப்பநிலை ஒரே அளவில் ஓயாது ஊசலாடும் எல்லையைக் கண்டு, மூன்றும் சேர்ந்து இயங்குங்கால் அவ்வலிமையில் 100-க்கு 60 பங்கு வைக்க என்பது அவ்விதி.

மாணாக்கர் பலர் இதனை மாறா வேதமெனக் கொள்கின்றனர், அது தக்கதன்று. ஒவ்வோர் அலையும் முன்னதன் நாலிலொரு பங்காகத் தணிதலே அவ்விதியின் நோக்கம். ஆயின், வெந்நீர்க் குழாயும் சுவரும் மெல்லச் சூடேறுவன. திருத்தத்தின் பயன் தாமதித்தே புலப்படும். அத்தகைய இடத்தில் அவ்வூசலாட்டமும் மிகையே. வால்வு ஓயாது திறந்து மூடித் தேயும்; சூடாக்குவதும் குளிர்விப்பதும் மாறி மாறி நிகழ்ந்து ஆற்றல் வீணாகும்.

ஆதலின், விதி தரும் எண்ணை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துத் தொடங்குக. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றி, அதன் பயன் முழுதும் தோன்றுமளவும் காத்திருக்க. கருவி தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி இக்காலத்தில் உண்டே எனின், அது சோதனை நிகழ்ந்த நாளின் நிலையையே அறியும். கோடைக்கும் குளிருக்கும் அவ்வளவு ஒருங்கே பொருந்துமோ எனக் கண்டறிதல் நம் கடனேயாம்.