பதினெட்டில் முடிவதில்லை

பெற்றோர் இருவரையும் இழந்த படைவீரர் பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் 18 வயதோடு நின்றுவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். திருமணமோ வரம்பை மீறிய வருமானமோ குறுக்கிடாவிடில் அது 25 வயது வரை தொடரும். (முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தில் மகனுக்கும் இதே வயதெல்லை, வேலையோ திருமணமோ அமையும்வரை மகளுக்கு வயதெல்லையே இல்லை.)

18 வயதில் மாறுவது வங்கிக் கணக்குதான். காப்பாளர் இனி அதனை இயக்க இயலாது. பிள்ளையே மாதிரிக் கையொப்பமும் அடையாளச் சான்றுகளும் அளிக்க வேண்டும். வெளியூர் விடுதியில் தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கு இதை யார் சொல்வார்? கணக்கு முடங்கினால் கல்லூரிக் கட்டணம் என்னாவது? பிறந்தநாள் வாழ்த்து அனுப்ப மறவாத வங்கிகள், இதனை 6 மாதம் முன்னரே எழுத்தில் நினைவூட்டுவது கடமை என்பேன். காப்பாளர்களும் அக்கடிதத்துக்குக் காத்திராமல் பிள்ளையுடன் கிளைக்கு வரலாம். மணமாகவில்லை, வருவாயில்லை என்னும் சான்றுகளையும் அப்போதே கேட்டறியலாம்.