காணா நேரத்துக் காவல்

நெய்வேலிச் சுரங்கத்தைக் காணச் செல்வோர் மலைபோன்ற எந்திரங்களையே வியந்து நோக்குவர். ஆயின், பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் நிலத்தடி நீர் பேரழுத்தத்துடன் மேல்நோக்கி உந்திக்கொண்டிருக்கிறது. அதனை இரவும் பகலும் வெளியேற்றும் நீரிறைக்கும் பொறிகளே சுரங்கத்தைக் காக்கின்றன. அவை ஓய்ந்தால் சுரங்கம் நீரில் மூழ்கும்.

மாற்றுத்திறனாளிகள் தங்கி வாழும் இல்லங்களின் இயல்பும் இத்தகையதே. விழா நாளில் வருவோர் வெண்சுவரையும் பூந்தோட்டத்தையும் கண்டு மகிழ்வர். இல்லத்தின் தரமோ, நள்ளிரவில் ஒருவர் தண்ணீர் வேண்டி அழைக்கும்போதே விளங்கும். எழ இயலாதவரை அவ்வப்போது புரட்டிப் படுக்கவைக்க ஆள் உண்டா? விழுங்க இடர்ப்படுபவர்க்குப் பொறுமையோடு ஊட்டும் கை உண்டா? இவையே அளவுகோல்.

2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில், ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் தப்பியோட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. சட்டம் சங்கிலியை அகற்றும். பரிவை மனிதரே அளித்தல் வேண்டும்.

தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தை நிறுவிய இராமகிருஷ்ணன், விபத்தொன்றில் கை கால்களின் இயக்கத்தை இழந்தவர். உதவி பெறுவோர் வழிநடத்தவும் வல்லர் என்பதற்கு அவரே சான்று.

ஆதலின், மாணவர்களே! இத்தகைய இல்லத்திற்குச் சென்றால் சுவரைப் பார்த்துத் திரும்பாதீர்கள். அங்கு வாழ்வோரிடமே அமர்ந்து பேசுங்கள். இல்லத்தின் தரத்தை உரைக்கும் உரிமை முதற்கண் அவர்க்கே உரியது.