நாள் குறிப்போர்

1992 அக்டோபர் 28ஆம் நாள் விசுவாசிகள் வானத்திற்கு எடுத்துக்கொள்ளப்படுவர் எனத் தென் கொரியாவின் தாமி மிஷன் சபை அறிவித்தது. நம்பியோர் வேலையைத் துறந்தனர், வீடுகளை விற்றனர். அந்நாளும் ஏனைய நாள்களைப் போலவே கழிந்தது. போதகர் லீ ஜாங் ரிம், 1995இல் முதிர்வுறும் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தமை அம்பலமாயிற்று. மோசடிக் குற்றத்திற்காக அவர் அவ்வாண்டே தண்டனை பெற்றார்.

தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபம், இறந்த தம்மவரை எண்ணித் துயருற்றோரைத் தேற்றவே உயிர்த்தெழுதலைப் பேசுகிறது. அந்நாள் எதிர்பாராத வேளையில் வரும் என்றும் உரைக்கிறது. துக்கித்தோருக்குரிய அந்த ஆறுதலை அச்சமாக்கி விலை பேசியோரே குற்றவாளிகள்.

நம்பி ஏமாந்தோரை நாம் எள்ளி நகையாடோம். காத்திருப்போரின் ஏக்கம் எத்தகையது என்பதை அகதி வாழ்வு நமக்குக் கற்பித்துள்ளது. நாள் குறித்துத் தர வருவோரிடம், அவர்தம் பத்திரங்கள் எப்போது முதிரும் என்று முதலிற் கேட்போமாக!