சொந்தக் காசில் புத்தகம் போட்டால் கேவலமா?

"எந்தப் பதிப்பகமும் ஏற்கவில்லை போல... அதான் சொந்தக் காசில் போட்டிருக்கிறாள்!" ஒரு பெண் தன் நாவலையோ கவிதைத் தொகுப்பையோ தானே அச்சிட்டு நாலு பேரிடம் நீட்டினால், முதலில் வரும் விமர்சனம் இதுதான். சொன்னவர்கள் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்!

கொஞ்சம் பின்னால் போவோம். 1846, இங்கிலாந்து. சார்லட், எமிலி, ஆன் என்ற பிரான்ட்டே சகோதரிகள் மூவரும், பெரியம்மா விட்டுச்சென்ற பணத்தை எடுத்துத் தங்கள் கவிதைகளை லண்டனில் அச்சிட்டார்கள். பெண்கள் எழுதியது என்றால் விமர்சகர்கள் இளக்காரமாகப் பார்ப்பார்கள் என்று, ஆண் பெயர் போல ஒலிக்கும் புனைபெயர்கள் வேறு. ஓராண்டில் விற்றது எத்தனை தெரியுமா? இரண்டே பிரதிகள்! மிஞ்சியதில் சிலவற்றை வேர்ட்ஸ்வொர்த், டென்னிசன் போன்றவர்களுக்குச் சார்லட் இலவசமாக அனுப்பிவைத்தார்.

1847-ல் எமிலியின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவல் வந்தது. அதற்கும் பதிப்பாளர் முன்பணம் கேட்டுத்தான் அச்சிட்டார். இன்று ஆங்கில இலக்கியம் படிக்கும் யாராவது அந்த நாவலைத் தாண்டிப் போக முடியுமா?

சொந்தமாகப் போட்டதெல்லாம் இலக்கியம் ஆகிவிடாது. பிழை திருத்தக்கூட ஆளில்லாமல் வரும் குப்பைகளும் உண்டு. ஆனால் குப்பையா இல்லையா என்பது பத்துப் பக்கம் படித்தால்தான் தெரியும். அச்சுக்கூலி கொடுத்தது யார் என்று பார்த்தால் தெரியாது.

அடுத்த முறை ஒருத்தி தன் புத்தகத்தை நீட்டினால், சிரிப்பதற்கு முன் பத்துப் பக்கம் புரட்டிப் பாருங்கள். அன்று காசு கொடுத்து வாங்கிய அந்த இரண்டு பேரில் ஒருவராக இருப்பது பெருமைதானே!