கிட்டாரின் விலை நெக்கில் இருக்கட்டும்

கட்டுரையாளர்: கிட்டார் செட்டப், ஃபிரெட் வேலை செய்பவர்

ஜொகூரின் காஹாங்கிலிருந்தும் குளுவாங்கிலிருந்தும் வரும் இளைஞர்கள், கையில் காசு சேர்ந்ததும் கேட்பது ஒன்றுதான்: கிப்சனா, பிஆர்எஸ்ஸா, சூரா? மூன்றும் நல்ல கிட்டார்கள். எந்த ஊரில் வைத்து வாசிக்கப்போகிறாய் என்று நான் திருப்பிக் கேட்டால்தான் முகம் சுருங்குகிறது.

உயர்விலைக் கிட்டார்களைக் காற்றின் ஈரப்பதம் 45, 50 விழுக்காட்டில் நிற்கும் கூடத்தில் இழைக்கிறார்கள். எண்டாவ் ரொம்பின் காட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் காஹாங்கில் 80ஐத் தாண்டுவது அன்றாட நடப்பு. வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். பகலெல்லாம் ஏர்கோன் அறையில் உலர்ந்து, இரவு திருவிழா மேடையில் ஈரம் குடிக்கும் மரம் சும்மா இருக்குமா? நெக் வளையும், கம்பி நிற்கும் உயரமான ஆக்‌ஷன் மாறும், நேற்று வழுக்கிய விரல் இன்று தடுமாறும்.

1952இல் வந்த கிப்சன் லெஸ் பாலின் கம்பி நீளம் 24¾ அங்குலம். 25½ அங்குல ஸ்ட்ராட்டோகாஸ்டரைவிடக் கம்பி இளகி நிற்பதால் இழுத்து வாசிக்கச் சுகம். ஒலியைப் பற்றி நான் வாதாடவில்லை. சங்கடம் கட்டுமானத்தில். தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருக்கிறது. அந்த வளைவில் மகோகனி மெலிந்து, நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடின் திருகுக்காகக் குடைந்தும் இருக்கிறது. ஸ்டாண்டோடு சாய்ந்தால் முறிவது அங்கேதான். நைட்ரோ பூச்சு வேறு வியர்வைக் கையில் பிசுபிசுக்கும். ஃபிரெட் பலகையில் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரம் இருப்பது எனக்குப் பெருமைதான்.

பிஆர்எஸ் பெரும்பாலும் 25 அங்குலம்; இரண்டுக்கும் நடுவே. கைவேலையில் குறை கண்டதில்லை. ஆனால் விலையில் ஒரு பங்கு அலைவரி மேப்பிள் மேற்பலகைக்குப் போகிறது, அதை விரல் தொடுவதேயில்லை. இந்தோனேசியாவில் செய்யும் அதே நிறுவனத்தின் எஸ்இ பல மடங்கு மலிவு. அதை வாங்கி, நல்ல கையிடம் ஃபிரெட்டுகளைச் சமன்செய்து, தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டையும் மாற்றினால், வாசிப்பு வித்தியாசத்தில் பாதிக்குமேல் போய்விடும் என்பேன். கடைக்காரர்களுக்கு இது பிடிக்காது.

காசு இருக்கிறதா? நம் ஊருக்கு என் தேர்வு சூர் வகைதான். நெக் திருகில் நிற்கிறது. கழற்றிச் சரிசெய்யலாம், கெட்டால் மாற்றலாம். வறுத்த மேப்பிள் நெக் கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது. வறுத்த மரம் ஈரத்தைக் குறைவாகவே இழுக்கும். துருப்பிடிக்காத எஃகு ஃபிரெட் சீக்கிரம் தேயாது. பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக ராகம் வாசிப்பதைக் கேட்டவருக்கு இதன் அருமை தெரியும். கமகத்துக்குக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து வாசித்தால் சாதாரண நிக்கல் ஃபிரெட்டில் பள்ளம் விழுந்துவிடும்.

கடையில் ஆம்ப்பில் செருகுமுன் நெக்கின் ஓரத்தை உள்ளங்கையால் தடவுங்கள். ஃபிரெட் முனை குத்தக் கூடாது. முதல் கம்பியை 15ஆம் ஃபிரெட்டில் ஒரு முழுச்சுரம் மேலே இழுங்கள். ஒலி அறுந்தால் ஃபிரெட்டுகள் சமமில்லை, இல்லையென்றால் ஆக்‌ஷன் மிகத் தாழ்ந்திருக்கிறது. ட்ரஸ் ராடு இரு பக்கமும் திரும்புகிறதா என்று கடைக்காரரையே திருகிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கிட்டாரை எடுக்கச் சொல்லுங்கள்.