வெறுமையால் வெளிப்பட்ட நிலவு

வானில் ஒரு பொருளைக் கண்டறியத் தொலைநோக்கியே வேண்டும் என்று நாம் எண்ணியிருந்தோம். 1979 செப்டம்பர் 1ஆம் நாள் சனிக்கோளை அணுகிய பயோனியர் 11 விண்கலம் அவ்வெண்ணத்தை மாற்றிற்று.

சனி ஒரு மாபெரும் காந்தம். அதன் புலத்தில் சிக்குண்ட எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் வெளியேற வழியின்றி, வடக்கும் தெற்குமாக ஊசலாடியவாறே கோளைச் சுற்றி வருகின்றன. நமது பூமிக்கும் இத்தகைய கதிர்வீச்சு வளையங்கள் உண்டென்று 1958இல் நிலைநாட்டியவர் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் வான் ஆலன். துகள்களை எண்ணும் அவரது கருவியொன்று பயோனியரிலும் இருந்தது. இது வெறும் ஆராய்ச்சி ஆர்வத்துக்காக அன்று. 1973இல் வியாழனைக் கடந்த பயோனியர் 10, மனிதரைக் கொல்லும் அளவினும் பன்மடங்கான கதிர்வீச்சில் அடிபட்டே தப்பியது. சனியில் என்ன நேருமோ என்ற அச்சம் இருந்தது.

அங்கு நேர்ந்ததோ வேறு. துகள்களின் எண்ணிக்கை ஓரிடத்தில் திடீரென வீழ்ந்து, மிகக் குறுகிய நேரத்தில் மீண்டும் எழுந்தது. அருகில் ஒரு நிலவு இருந்தாக வேண்டும் என்று அறிஞர் முடிவு செய்தனர். அவ்வழியில் ஜானஸ், எபிமேதியஸ் என்னும் இரு நிலவுகள் ஏறத்தாழ ஒரே பாதையைப் பகிர்ந்து ஓடுகின்றன என்பதை 1980இல் வாயேஜர் 1 உறுதி செய்தது.

அந்நிலவுகளுக்குக் காற்றுப் போர்வை இல்லை, காந்தக் கவசமும் இல்லை. மோதும் துகள் அங்கேயே முடிந்துபோகிறது. அதுமட்டுமன்று, சனியின் காந்த அச்சு அதன் சுழலச்சோடு ஏறக்குறைய ஒன்றியிருப்பதால், நிலவு என்றும் காந்தப் புலத்தின் ஒரே அடுக்கில் செல்கிறது. அவ்வடுக்கின் துகள்களோ ஒவ்வோர் ஊசலிலும் நடுக்கோட்டைக் கடந்தே தீரவேண்டும். முற்றத்தில் நாள்தோறும் ஒரே வட்டமாக நடப்பவரின் காலடியில் புல் முளைப்பதுண்டோ? வியாழனின் காந்த அச்சு சுமார் 10 பாகை சாய்ந்திருத்தலால் அங்கே தடம் இத்துணைத் தெளிவாக விழுவதில்லை.

விழுங்கும் நிலவும் வடுப்படாமல் இல்லை. மிமாஸ் நிலவின் முன்முகத்தில், பேராற்றல் எலெக்ட்ரான்கள் தாக்கிப் பனித்துகள்களை இறுக்கிய பகுதி, பகலிலும் சுற்றுப்புறத்தினும் குளிர்ந்திருப்பதைக் காசினி விண்கலம் 2010இல் அளந்தது.

சனியின் ஒளிமிகு வளையங்கள் இவற்றினும் பெரும் விழுங்கிகள். அவற்றின் கீழே பயோனியர் சென்றபோது துகள்கள் ஏறக்குறைய அற்றுப்போயின. அஞ்சிய இடமே புகலிடமாயிற்று! வளையங்களுக்கும் கோளுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வெளியில் 2017இல் நுழைந்த காசினி, அங்கும் புரோட்டான்களைக் கண்டது. வெளியிலிருந்து வளையங்களைத் தாண்டி அவை வந்திருக்க இயலாது. விண்கதிர்கள் வளையப் பனியில் மோத, தெறித்த நியூட்ரான்கள் சிதைந்து, அவை அங்கேயே பிறந்தவை.